பெற்றோர் கையொப்பம்

ஏப்ரல் 21

நிறைவான நாள். காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். இப்போது மாலை ஆறரை. இடையில் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

ஐம்பது நார்த்தங்காய்களைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, இரண்டு ஜாடிகளில் போட்டாயிற்று. இரண்டு கிலோ மிளகாய் கீறப்பட்டு, உப்பு கலந்த தயிரில் ஊறுகிறது. மொட்டை மாடியில் என் பழைய வேட்டி இரண்டை விரித்துக் கூழ் வற்றல் பிழிந்தோம். கூழ் கிண்டியது மகள் வடிவு, பிழிந்தது நான். முறுக்கு உழக்கை அழுத்த அவளால் முடியவில்லை. வலது மணிக்கட்டு வலிக்கிறதாம். தூத்துக்குடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம்.

வடிவும் பேத்தி தன்ஷிகாவும் நேற்று முன்தினம் வந்தார்கள். பள்ளி விடுமுறை. ஒரே ஒரு பையோடு வந்திருக்கிறார்கள். தென்காசி வெயிலில் குழந்தை வெறுங்காலோடு நின்றது. செருப்பு பஸ்ஸில் தொலைந்திருக்கும். நேற்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

நார்த்தங்காயில் உப்பு அடைக்கும்போது வடிவிடம் சொன்னேன்: "பாத்தியாம்மா, உப்பு யாரையும் அடிக்கிறதில்ல, கத்துறதில்ல. சும்மா பக்கத்துல இருக்கு. நாலு நாள்ல காய்க்குள்ள இருக்கிற தண்ணியெல்லாம் தானா வெளிய வந்திருது. பொறுமைக்கு இதவிட நல்ல உதாரணம் கிடையாது."

"அந்தக் காயக் கேட்டா வேற மாதிரி சொல்லும்ப்பா" என்றாள்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு எதிர்ப்பேச்சு உண்டு. சிரித்துக்கொண்டேன்.

பிற்பகல் நம் குளியலறையை ஆராய்ந்தேன். சிவப்புப் பூச்சுத் தரை முப்பது ஆண்டில் கண்ணாடி போல் ஆகியிருக்கிறது. நான் பாடம் எடுத்த பள்ளி ஆய்வகத்தில் குடுவை உடைந்தால் உடைத்த பையனை நான் திட்டியதில்லை. குடுவை ஏன் மேசை விளிம்பில் இருந்தது என்றுதான் கேட்பேன். ஆளைக் குறை சொல்வதைவிடக் காரணத்தை அகற்றுவது நல்லது. கொத்தனார் சுடலைமுத்துவுக்குப் போன் செய்துவிட்டேன். சொரசொரப்பான டைல்ஸ் போடப் போகிறோம்.

ஏப்ரல் 22

வற்றல் ஒரு பக்கம் காய்ந்தது. காக்கைக்குக் கறுப்புக் குடை விரித்து வைத்தேன். ஒன்றும் அண்டவில்லை.

ஏப்ரல் 24

சுடலைமுத்து வந்து தரையைத் தட்டிப் பார்த்தார். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர். இன்றும் என் முன்னால் பீடியை மறைக்கிறார், வாயை மட்டும் மறைப்பதில்லை.

"என்ன சார், தரை நல்லாத்தான இருக்கு? முப்பது வருசத்துல ஒரு தடவையாவது விழுந்திருப்பீயளா?"

"நான் விழல. வடிவு விழுந்துட்டா."

"இங்கயா?"

"தூத்துக்குடில."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தூத்துக்குடில விழுந்ததுக்குத் தென்காசில டைல்ஸ் மாத்துத மொத ஆளு நீங்கதான் சார்."

எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று விளக்கினேன். அம்மை குத்துவதை உதாரணமாகச் சொன்னேன். தலையாட்டினார்.

பதினொரு மணிக்கு வடிவு காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கும்போது அவள் கையைப் பார்த்தார். அவள் உள்ளே போனபின் குரலைத் தாழ்த்தினார். "சார், வழுக்கி விழுந்தா கைய ஊனுவோம். உள்ளங்கைதான் தேயும். தங்கச்சிக்கு வளையல் போட்ட மாதிரில்லா சுத்திக் கன்னிப் போயிருக்கு."

"கலவை காயுது, வேலையைப் பாரு" என்றேன்.

அவர் கரண்டியை எடுத்தார். மாலைக்குள் பாதித் தரை முடிந்தது. நேர்த்தியான வேலை.

ஏப்ரல் 25

தரை முடிந்தது. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பொருத்தச் சொன்னேன்.

தன்ஷிகா கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டுக் கேட்டது: "தாத்தா, இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கே, பித்தளைத் தாழ்ப்பாள்."

"வெளிய இருந்து தள்ளுனா தொறக்குமா?"

"தொறக்காது."

உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, என்னை வெளியிலிருந்து தள்ளச் சொன்னது. தள்ளினேன். "இன்னும் பலமா" என்றது. மூன்று முறை தள்ளிய பிறகுதான் திருப்தியாக வெளியே வந்தது. ஆறு வயதில் எதையும் சோதித்து அறியும் மனம். அறிவியல் படிக்க ஏற்ற குழந்தை.

ஏப்ரல் 28

மாப்பிள்ளை செந்தில்வேல் போன் செய்தார். நல்ல மரியாதையான பையன். ஒரு வார்த்தைக்கு ஒரு 'மாமா' போடுவார்.

"வீடே வெறிச்சுன்னு இருக்கு மாமா. அவளுக்குக் கோபம் ஜாஸ்தி, உங்களுக்குத் தெரியாததா? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. அம்மாதான் பிடிவாதமா இருக்காங்க. அவ கைப்பட நாலு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

என்ன நடந்தது என்று கேட்கலாமா என யோசித்தேன். கணவன் மனைவி விஷயத்தில் பெரியவர்கள் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது நம் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை என்று அவர் குறைப்பட்டது நினைவுக்கு வந்தது. சுடலைமுத்துவைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். முன்னறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டி, வெஸ்டர்னும் வெந்நீருக்குக் கீசரும் வைத்துவிடலாம். அறைக்கு வெள்ளை, கதவுகளுக்குப் பெயிண்ட். வந்து தங்குகிறவருக்கு வசதி இருந்தால் மனமும் இளகும்.

மோர் மிளகாய் எட்டாம் நாள். பகலில் வெயில், மாலையில் மறுபடி தயிர். காரம் குறைந்துகொண்டே வருகிறது.

மே 2

புதுக் குளியலறைக்குச் சுவர் எழும்பிவிட்டது.

இன்று வடிவு வெளிப்படையாகப் பேசினாள். சுண்டைக்காயைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

"அப்பா, இந்த பாத்ரூம் யாருக்கு?"

"மாப்பிள்ளை வந்தா வேணும்ல?"

"அவர் எதுக்கு வாராரு?"

"உன்னக் கூட்டிட்டுப் போகத்தான்."

"நான் போவ மாட்டேன்."

பால் பொங்கும் உதாரணம் சொன்னேன். பொங்குகிற பாலைக் கண்டு அடுப்பை இடிப்பார்களா? தீயைக் குறைத்தால் போதுமே. அவள் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எட்டு வருசமா நான் தீயக் குறைச்சுக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன். இப்ப அடுப்புல தீயே இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு தடவகூட கேக்கலயே?"

"கேட்டா உனக்கு மனசு கஷ்டப்படும்."

"எனக்கா, உங்களுக்கா?"

சுடலைமுத்து சிமெண்ட் மூட்டை எங்கே இறக்குவது என்று கேட்டதால் நான் எழுந்து போக வேண்டியதாயிற்று.

மே 4

ஒரு நல்ல காரியம் செய்தேன். முறையாக எழுதி வைக்கிறேன்.

முப்பத்து நாலு ஆண்டுப் பணியில் நான் கண்ட ஒரு வழி: இரண்டு பையன்கள் சண்டை போட்டால், யார் தொடங்கியது என்று விசாரிக்கவே மாட்டேன். விசாரித்தால் பொழுது போகும், பகை வளரும். இரண்டு பேரில் யாருக்குப் பெருந்தன்மை இருக்கிறதோ அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வேன். அவனுக்கு எழுத வராவிட்டால் நானே எழுதிக் கொடுப்பேன், அவன் கையெழுத்துப் போடுவான். கீழே பெற்றோர் கையொப்பம். மறுநாள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வடிவு எழுத மாட்டாள். கேட்டால் சண்டைதான் வரும். எனவே நானே எழுதினேன்.

"அன்புள்ள அத்தைக்கும் என் கணவருக்கும் வணக்கம். ஏப்ரல் 19ஆம் தேதி கோபத்தில் யாரிடமும் சொல்லாமல் குழந்தையை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தது என் தவறு. என்னை யாரும் துன்புறுத்தவில்லை. இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, சண்முகவடிவு."

'துன்புறுத்தவில்லை' என்ற வரி மாப்பிள்ளை போனில் குறிப்பாகக் கேட்டுக்கொண்டது. அம்மாவுக்கு ஊரார் பேச்சுதான் பயமாம். அவள் பெயரை நான்தான் போட்டேன். அதன் கீழே வலப் பக்கத்தில் பழக்கத்தில் என் கையெழுத்தும் விழுந்துவிட்டது. சிறு வயதில் அவளுடைய மதிப்பெண் அட்டையில் போடுவேனே, அதே இடம்.

மே 5

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மே 12

மாப்பிள்ளை போன். கடிதம் கிடைத்ததாம். "ரொம்ப நன்றி மாமா, பெரிய உதவி" என்று இரண்டு முறை சொன்னார். வைகாசி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து வருவதாகச் சொன்னார். குரலில் உற்சாகம் தெரிந்தது.

புது வேகத்தில் வேலை பார்த்தேன். கணவன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் நம் பக்கம் இல்லை. நார்த்தங்காய் ஒரு ஜாடி, மோர் மிளகாய் ஒரு டின், கூழ் வற்றல், சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், எள்ளுப் பொடி, பருப்புப் பொடி. எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். 'ஈரக் கரண்டி கூடாது' என்று தனியாக ஒரு சீட்டு. சம்பந்தியம்மாளுக்கு அதில் கவனம் போதாது.

முன்னறைக்கு வெள்ளை முடிந்தது. கீசரில் பத்து நிமிடத்தில் வெந்நீர் வருகிறது. வெஸ்டர்னின் மூடியை ஒரு தரம் மூடித் திறந்து பார்த்துவிட்டுச் சுடலைமுத்து சொன்னார்: "ராசா உக்காருத மாதிரி இருக்கு சார். தங்கச்சி என்ன சொல்லுது?"

"சந்தோஷம்தான்."

"அது ரெண்டு நாளாத் தாசில்தார் ஆபீசு பக்கத்துல ஒரு வக்கீலம்மா வீட்டுக்குப் போயிட்டு வருதே. நீங்க அனுப்புனீயளோன்னு நெனச்சேன்."

குழந்தைக்குப் புத்தகம் வாங்கப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். புத்தகம் வாங்கியும் வந்தாள். ஆகவே அதுவும் உண்மைதான்.

மே 20

வெயில் 39 டிகிரி. வற்றலுக்கு நல்லது. வடிவு என்னோடு அதிகம் பேசுவதில்லை. வேலைக்கு மனுப் போடுகிறாள் போலிருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. போட்டு வைக்கட்டும். எதுவும் வீணில்லை.

மே 27

கொரியரில் இல்லை, தபால்காரரே கொண்டுவந்தார். நீதிமன்ற முத்திரை. பெயர் வடிவுக்கு. நான் பிரிக்கவில்லை, அவளிடம் கொடுத்தேன்.

கூடத்தில் நின்றபடியே படித்தாள். ஐந்து பக்கம். மாப்பிள்ளை மனுப் போட்டிருக்கிறார். மனைவி காரணமின்றி வீட்டை விட்டுப் போனாள். சேர்ந்து வாழ வர வேண்டும், இல்லையேல் குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறாவது தாள் ஒரு நகல். அதைக் கையில் எடுத்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்னதுப்பா?"

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நான் எழுதுன மாதிரி இருக்கு. என் பேரு இருக்கு. 'என்னை யாரும் துன்புறுத்தவில்லை'ன்னு இருக்கு. ஆனா இந்த 'ழ' உங்க 'ழ'ல்லாப்பா."

"அவங்க சமாதானமா வாரோம்னு சொன்னாங்கம்மா..."

"அவங்க சொன்னாங்க. நான் சொன்னேனே, போவ மாட்டேன்னு. அது காதுல விழலயா?" கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், வகுப்பில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் பேசினாள். "மகளிர் ஸ்டேஷன்ல புகார் குடுத்திருக்கேன்ப்பா. டாக்டர் சீட்டு வச்சிருக்கேன். இப்ப அவன் இதைக் காட்டுவான். அப்பனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்னு காட்டுவான். பிள்ளை போச்சுன்னா?"

தன்ஷிகா மாடியில் குடையோடு காக்கை விரட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மே 28

நார்த்தங்காயைக் கிளறினேன்.

மே 29

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், நான்கு முறை. எடுக்கவில்லை. ஐந்தாவது முறை அவர் அண்ணன் எடுத்து, "இனி எல்லாம் கோர்ட்டுல பேசிக்கலாம் சார்" என்றார். நேற்று வரை அவரும் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

ஜூன் 3

வடிவு போய்வந்த வழக்கறிஞர் ஜெபராணி வீட்டு முன்னறையில் இரண்டு மணி நேரம். வடிவு எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தாள். வழக்கறிஞருக்கு என் வடிவு வயதுதான் இருக்கும். என்னைச் 'சார்' என்றார், ஆனால் கேள்வியைத் தளர்த்தவில்லை.

"இந்த லெட்டர் உங்க மகளுக்குத் தெரியாம நீங்க எழுதுனதுன்னு பிரமாண வாக்குமூலம் குடுக்கணும். அவங்க கையெழுத்தயும் நீங்கதான் போட்டீங்கன்னு அதுல வரும். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"குறுக்கு விசாரணையில கேவலமா கேப்பாங்க. ரெண்டு தலைமுறைக்குப் பாடம் எடுத்தவர், கள்ளக் கையெழுத்துப் போட்டீங்களான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"உங்க மக கையில காயத்தப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்னைக்கு?"

"வந்த அன்னைக்கே."

வடிவு நிமிர்ந்தாள். பல நாள்களுக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மணிக்கட்டச் சுத்தி நாலு விரல் தடம். கழுத்துக்குப் பின்னால ஒண்ணு. வாசல்ல செருப்பில்லாம குழந்தை. பஸ்ஸுல தொலைஞ்சதில்ல. ஓடி வந்திருக்காங்க. அது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்க சார்?"

வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட மாணவன் போல் நின்றேன். உட்கார்ந்திருந்தேன் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நிற்பது போலத்தான் இருந்தது.

"பாத்ரூமுக்கு டைல்ஸ் மாத்துனேன்" என்றேன்.

வழக்கறிஞரின் பேனா நின்றது. அதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுதிக்கொண்டார்.

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வாய்தா ஆகஸ்டில். வாக்குமூலம் உதவும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது வடிவின் தோளைத் தொடப் போனேன். ஆட்டோவைக் கூப்பிடுவது போல் அவள் நகர்ந்துகொண்டாள்.

ஜூன் 8

வடிவுக்கு வேலை கிடைத்துவிட்டது. இன்று காலை பஸ்ஸில் இருவரும் கிளம்பிப் போனார்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் ஏற்பாடாகிவிட்டதாம். எந்த ஊர், எந்தத் தெரு என்பதை எச்சரிக்கைக்காக இங்கே எழுதவில்லை.

கிளம்புமுன் கேட்டேன்: "இங்கயே இருந்து வேலைக்குப் போகலாமேம்மா? இவ்வளவு பெரிய வீடு. புது ரூம், புது பாத்ரூம். வாக்குமூலமும் குடுத்துட்டேன். இன்னும் என் மேல நம்பிக்கை வரலயா?"

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கோபத்துல போகல. நீங்க கெட்டவர் இல்லப்பா, அது எனக்குத் தெரியும். ஆனா அவங்க வந்து மணியடிச்சா நீங்க கதவத் தொறப்பீங்க. வாங்கன்னு சொல்லி நாற்காலி போடுவீங்க. உங்களால அப்படி இல்லாம இருக்க முடியாது. நான் இந்த வீட்ல இருந்துக்கிட்டு எப்படித் தூங்குவேன்?"

"தொறக்க மாட்டேன்."

"சரிப்பா" என்றாள். அடம்பிடிக்கும் குழந்தையிடம் டீச்சர்கள் சொல்வார்களே, அந்த 'சரி'.

ஜாடிகளை எடுத்துப் போகச் சொன்னேன். பஸ்ஸில் கனம் என்றாள். பருப்புப் பொடி மட்டும் போதும் என்று ஒரு சிறு பாட்டிலைக் குழந்தை எடுத்துக்கொண்டது.

ஜூன் 11

ஒரு பயிற்சி. யாராவது வந்து கேட்டால் சொல்ல வேண்டியது: "மதுரையில் ஒரு தோழி வீட்டில் இருக்கிறாள்." மதுரை பெரிய ஊர், தேடட்டும். கண்ணாடி முன் நின்று ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தேன். தொடக்கத்தில் கண் சிமிட்டியது. இப்போது சரியாக வருகிறது. வாழ்நாளில் நான் திட்டமிட்டு ஒத்திகை பார்க்கும் முதல் பொய்.

ஜூன் 14

காலை பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செந்தில்வேலும் அவன் அண்ணனும். பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"வாங்க" என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. அதற்குள் என் கை நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டது. தண்ணீரும் கொடுத்தேன். இரண்டு டம்ளர். துடைத்துத்தான் கொடுத்தேன்.

செந்தில்வேல் கை கழுவிவிட்டு வருவதாகப் புதுக் குளியலறைக்குள் போனான். வெளியே வந்தவன், "சூப்பரா பண்ணிட்டீங்க மாமா" என்றான். மாமா என்றே சொன்னான்.

அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், கோர்ட்டு கீர்ட்டெல்லாம் நீளும். பிள்ளைய ஒரு தடவ கண்ணால பாக்கணும்னு தம்பி ஆசப்படுதான். எந்த ஊருல இருக்காங்க?"

"தெரியாது" என்றேன்.

"வாத்தியார் நீங்க. பொய் சொல்லலாமா?"

மதுரை என்று சொல்ல வாயைத் திறந்தேன். செந்தில்வேல் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடமாக என்னைப் படித்தவன். பிறகு அண்ணனின் தொடையில் தட்டினான். "விடுண்ணே. மாமாவுக்கு நெசமாவே தெரியாது. அவ சொல்லியிருக்க மாட்டா." எழுந்துவிட்டார்கள்.

அவன் கண்டுபிடித்தது சரிதான். எச்சரிக்கைக்காக எழுதவில்லை என்று எட்டாம் தேதி நான் எழுதியது உண்மையல்ல. எந்த ஊர், எந்தத் தெரு என்று வடிவு என்னிடம் சொல்லவில்லை. வழக்கறிஞருக்குத் தெரியும். சுடலைமுத்துவுக்குக்கூடத் தெரியும், அவர்தான் பஸ்ஸில் சாமான் ஏற்றிவிட்டார். எனக்குத் தெரியாது. கண்ணாடி முன் நின்று பழகிய பொய் தேவைப்படவில்லை. வாசல் வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன்.